படம் கீறுகிற பிள்ளை

பூவரசங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் பிரேமிளாவுக்கு ஒரே ஒரு வேலைதான்: பிரிஸ்டல் போர்ட் அட்டையில் படம் கீறுவது. கீறி முடித்ததும் பத்மாசனி ரீச்சர் வருவார். "நீ பிடிச்சுக்கொண்டு நில்லு பிள்ளை. யதுர்ஷிகா கதைக்கட்டும். அவளுக்கு உச்சரிப்பு நல்லம்" என்பார்.

உச்சரிப்பாம்! பிரேமிளாவின் தாத்தா தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி வயல் செய்து காலம் எவ்வளவோ போயும், அந்த வீட்டுப் பேச்சு ரீச்சருக்குத் தோட்டத்துப் பேச்சுதான். பிள்ளை வாய் திறந்தால் வகுப்பு சிரிக்கும். சிரித்தவர்களை அதட்டுவதைவிட, பிள்ளையின் கையில் பேனையைக் கொடுப்பது ரீச்சருக்கு லேசாக இருந்தது.

வவுனியாவில் விவசாய டிப்ளோமா படிக்கப் போனபோது யதுர்ஷிகாவும் கூடவே வந்தாள். பிரிஸ்டல் போர்ட் மடிகணினி ஆனது, வேறொன்றும் மாறவில்லை. குழுவுக்கு சிலைட் செய்வது பிரேமிளா, பேசுவது யதுர்ஷிகா. பிரேமிளாவும் அதற்குப் பழகிப்போனாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சிலைட்டில் எழுதிவிட்டால் அப்புறம் வாய் எதற்கு?

கடைசி ஆண்டில் வந்தது வினை. விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நிறுவனம் ஆள் தேடியது. ஒவ்வொருவரும் தனித்தனியே பேச வேண்டும். நன்றாகப் பேசுபவருக்கு வேலை. பிரேமிளா பேசுவதற்குக் கபிலத் தத்தியை எடுத்துக்கொண்டாள். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சி போன போகம் அவள் அப்பாவின் வயலை வைக்கோலாக்கியிருந்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். அதைவிட, ஒரு தடவையாவது தன் வாயால் பேசிவிட வேண்டும். இதற்கிடையில் யதுர்ஷிகா கெஞ்சிக் கேட்டதால் அவளுடைய சிலைட்டுகளையும் இவளே செய்து கொடுத்தாள்.

எல்லாவற்றையும் தன் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தாள். வழக்கமாக அந்தக் கணினியிலேயே காட்டுவார்கள். அன்றைக்கென்று மண்டபத்துக் கணினியில் போட்டார்கள். அதில் பாமினி இல்லை. தமிழெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகிக் குப்பையாய்க் கிடந்தது.

யதுர்ஷிகா திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும் சேர், நான் சொல்லுறன்" என்று மடமடவெனப் பேசி முடித்தாள். சின்ன வயதிலிருந்து பேசிப் பேசியே வளர்ந்தவள் அல்லவா.

அடுத்தது பிரேமிளா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குப்பைக்குள் இருந்தது. "தத்தி வந்துச்சுன்னா..." என்று தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதே பழைய சிரிப்பு. பேனையை எடுத்து வெண்பலகையில் தத்தியை வரைந்தாள், காலும் இறகும் அச்சொட்டாக.

"வடிவாக் கீறுறீங்கள் தங்கச்சி. இனிச் சொல்லுங்கோ" என்றார் நிறுவனத்து அதிகாரி.

அவளால் சொல்ல முடியவில்லை.

வேலை யதுர்ஷிகாவுக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளில் போன் எடுத்தாள். "பிரேமி, வட்டக்கச்சியில எனக்கு முதல் வகுப்பு. தத்தியைப் பற்றித்தான். உன்ர சிலைட்டை ஒருக்கா அனுப்பிவிடன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிவலட்சுமி, "முடியாதுன்னு சொல்லு புள்ள" என்றாள். அந்த ஒரு சொல் பிரேமிளாவின் வாய் வரைக்கும் வந்து நின்றது.

"ஓம், அனுப்புறன்" என்றாள், யதுர்ஷிகாவின் பேச்சிலேயே.

பிறகு உட்கார்ந்து, எந்தக் கணினியிலும் தெரிகிற எழுத்தில் முழுவதையும் திரும்ப அடித்தாள். முதல் பக்கத்தில், பெயர் போடுகிற இடத்தில், யதுர்ஷிகா என்று அடித்தாள்.