பழைய நேரமா, புது நேரமா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கிளீனராக லொறியில் ஏறி, சொந்தமாக லொறி வாங்கி, மாத்தளையில் மாடி வீடும் கட்டினேன். தம்புள்ளைச் சந்தையில் என்னை ஏமாற்றி ஒரு மூட்டை அழுகல் முட்டைக்கோவா விற்றவன் இன்னும் பிறக்கவில்லை. மேலே இருக்கிற மூட்டையை நான் தொடவே மாட்டேன். நடுவில் ஒன்றை உருவச் சொல்லி அவிழ்ப்பேன். மனிதர்களிடமும் அப்படித்தான். சோதிக்காமல் யாரையும் நம்பியதில்லை.

அந்தப் புத்தியோடுதான் மகனின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு, மனைவியோடு உக்குவளைச் சாத்திரியாரிடம் போனேன்.

மகன் அப்போது உயிரோடு இல்லை. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு வரும்போது, நாலந்தைக்குக் கிட்ட மழையில் லொறி சறுக்கிவிட்டது. சாவு வீட்டில் என் அக்கா, அழுகையோடு அழுகையாக என் மனைவியைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டாள்.

"எட்டுல சனி நிக்கிற புள்ளய லொறியில அனுப்புவாளா ஒரு தாய்? ஏன்டி, நீ பாத்திருக்க வேணாமா?"

அன்றிலிருந்து என் மனைவி சோற்றில் கை வைப்பது பேருக்குத்தான். எங்கள் ஆட்கள் செத்தவரின் ஜாதகத்தைப் பிரேதத்தோடு வைத்து அனுப்பிவிடுவார்கள். அவள் அதை வைக்க விடவில்லை. சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, பகலில் எடுத்து, சனி என்று எழுதியிருந்த, ஆயுளைச் சொல்லும் அந்த எட்டாம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதே கட்டத்தில் குரு என்றும் எழுதியிருந்தது. அது அவள் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

"உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். சாத்திரம் தெரிந்தவன் வாயால் வரவேண்டும். ஆனால் அவனும் சரியான ஆளாக இருக்கவேண்டுமே. போகிற வழியில் அவளிடம் சொன்னேன்: "பையன் இல்லேன்னு நாம வாயத் தொறக்கக்கூடாது. அந்தாளே கண்டுபுடிக்கிறாரா பாப்போம்."

"என்னமோ செய்ங்க" என்றாள்.

சாத்திரியார் ஜாதகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கா முதலாளி?"

"பொதுவா பாருங்க சாமி. எட்டுல சனின்றாங்க, அதான்."

"லொறி வாங்கப் போனா ஒரு டயர்ச் சில்ல மட்டும் பாத்துட்டு வாங்கிருவீங்களா? எஞ்சினப் பாக்க மாட்டீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த தேதியும் மணியும் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். "இந்த மணி, பழைய நேரமா, புது நேரமா?"

அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலத்தில் பிறந்தவன் மகன். அந்த நாளில் யார் நேரம் சொன்னாலும் இப்படிக் கேட்காமல் இருக்கமாட்டோம். ஜாதகம் எழுதியவர் கேட்டாரா என்று எனக்கு நினைவில்லை. என் மனைவிதான் பேசினாள்.

"புது நேரம் சாமி. ஆஸ்பத்திரி சுவத்துல இருந்த மணிக்கூடு. அதப் பாத்துப் பாத்துத்தான் பெத்தேன்."

"அப்ப எழுதினவரு அரை மணியக் கழிக்கல. லக்கினமே மாறிப்போச்சு. கன்னி இல்ல தங்கச்சி, சிம்மம்."

புதுத்தாளில் கட்டம் போட்டார். எட்டில் நின்ற சனி ஒன்பதுக்குப் போனது.

"ஒம்பது அப்பா எடம். சனி நீசந்தான். ஆனா கூடவே குரு நிக்கிறாரே, அத விட்டுட்டா பாக்கிறது?" என்றார். பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, ஒன்றை மற்றதோடு சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். "முன்கோபம் இருக்கும். அம்மாகிட்ட மட்டும் செல்லாது."

"ஆமா சாமி! என்கிட்ட சத்தமே போடமாட்டான்."

"அப்பா தொழில எடுத்து நடத்துவாரு. ஆயுசு கெட்டி. அடுத்த வருசம் கல்யாணம் கூடும்."

நடு மூட்டை அழுகல். ஆளைப் பிடித்துவிட்டேன். 'சாமி, பையன் போய்ட்டான்' என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் திரும்பினால், அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். சாவுக்குப் பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"தம்பி இப்ப எங்க?" என்று கேட்டார் சாத்திரியார்.

"தம்புள்ளைக்குப் போயிருக்கான் சாமி" என்றாள் என் மனைவி. "லோடு ஏத்த."

வெளியே வந்தோம். ரயிலுக்காகக் கேட்டைப் போட்டிருந்தார்கள். புதுத்தாளை மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள்.

"அப்ப எட்டுல சனி இல்லதானே?"

"இல்ல. நீ பாத்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உன் மேல குத்தமே இல்ல."

"அப்ப ஏங்க போனான்?"

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள். அவள் நகரவில்லை.

"சனி எட்டுலயே இருந்திருக்கலாங்க" என்றாள்.