மூன்றாவது ஜன்னலுக்குத் துணி போதவில்லை

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவரை நான் நுழைந்தே இராத ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, பூமி பிளந்து என்னை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சட்டை.

சட்டைக்கு முன்னால் சங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கர் என் தம்பி. இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களோடுதான் இருக்கிறான். படகு ஏறி எறணாகுளம் போனால் கார்ப்பரேஷன் ஆபீஸ், அங்கே தண்ணீர்க்குழாய் செக்‌ஷனில் கிளார்க். நல்ல பையன். அதுதான் அவனுடைய பிரச்சினையே! பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களிலும், 'பையன் தங்கமான பையன்தான்... ஆனா கொஞ்சம் பழைய மாடல்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய மாடல்! என் தம்பி என்ன ரேடியோப் பெட்டியா?

என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலில் சக்கரம். ஒரு வாரம் படகு ஏறி எறணாகுளத்தில் மேட்னி. ஒரு வாரம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் நின்று கப்பல் பார்ப்பது. எதுவும் இல்லையென்றால் பஜாரை இரண்டு முறை சுற்றி, தேவையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாங்கிக்கொண்டு வருவது. என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்திலிருந்து இறக்காமலே கேட்பார் — "இன்னைக்கு எந்தக் கரைக்கு?"

அப்படி எந்தக் கரைக்கும் போக முடியாதபடி கோடை மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் சங்கரின் அலமாரியை அடுக்கப் போனேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு வரிசை கேசட்டுகள். எல்லாம் பாட்டுப் பதிவு செய்தவை.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரே கிடையாதே! டேப் ரிக்கார்டர் இல்லாத வீட்டில் கேசட் எதற்கு?

சங்கரைப் பிடித்து உலுக்கியதில் உண்மை விழுந்தது. எறணாகுளம் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு ரிக்கார்டிங் கடை. காலி கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொன்னால், பதிவு செய்து தருவார்கள். அங்கே கவுன்ட்டரில் மாலதி என்று ஒரு பெண். தமிழ்ப் பெண். மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் இவன் போகிற அதே படகில்தான் வேலைக்குப் போகிறாள். இவன் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"பேசியிருக்கியாடா?"

"'கேசட் எப்பக் கிடைக்கும்'னு கேப்பேன். 'வெள்ளிக்கிழமை'ன்னு சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை போய் வாங்கிப்பேன்க்கா."

அவ்வளவுதான்! ஒரு வருடக் காதல் மொத்தமும் அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேசட்டாலேயே அவன் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது அவனுக்குக் குரலே மாறிப்போகிறது.

அதற்குப் பிறகு என் கால் நிற்குமா? விசாரித்தேன். அப்பா ஆறுமுகம் அண்ணாச்சி, மிளகுக் கிடங்கில் சூப்பர்வைசர். நம் திருநெல்வேலிப் பக்கம்தான். ஆள் விட்டுப் பேசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறோம் என்று நாளும் குறித்துவிட்டேன். சங்கருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பிறகு பயத்தில் இறங்கவில்லை.

"அக்கா, அவங்க நாள் முழுக்கப் புதுப் பாட்டாக் கேக்கறவங்க. கடைக்கு வர்றவன் எல்லாம் கூலிங் கிளாஸும் பெல்பாட்டமும்தான். நான் போய் நின்னா..." என்று நிறுத்தினான். பிறகு மெதுவாக, "இந்த இடமும் வேண்டாம்னுட்டா, நான் படகுல போறதையே விட்டுடுவேன்க்கா" என்றான்.

ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு. விடுவேனா? அவனை இழுத்துக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினேன்.

இங்கே உங்களுக்கு எங்கள் ஊர் மரியாதை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டாஞ்சேரியில் இப்போது வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் விருந்தாளி ஏதாவது ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்து, "ஃபாரினா?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "ஆமா, இன்னார் கொண்டு வந்தது" என்பார். அதோடு விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் துருவுவது மரியாதை இல்லை. பாதிப் பொருள் பஜாரின் பின்சந்தில் வாங்கியது என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் பூப்போட்ட குடைக்காகவே துபாயில் ஒரு கொழுந்தனை உண்டாக்கி வைத்திருக்கிறேன்!

அந்தப் பின்சந்தில் அபு இக்காவின் கடை. இக்கா என்றால் இங்கே அண்ணன், சேச்சி என்றால் அக்கா. கப்பலில் வந்த சாமான்கள் என்று சொல்லி எல்லாமும் விற்பார். ஷேவிங் கிரீமிலிருந்து சுவர்க்கடிகாரம் வரை. அங்கேதான் அந்தத் துணியைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு. அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிற இலைகள். வெளிச்சத்தில் பிடித்தால் ஜொலிக்கிறது!

"சேச்சி, இது கப்பல்ல வந்ததாணு. மத்ததெல்லாம் போன வாரம் ஒரு ஆள் எடுத்துப் போயி. இனி இந்தத் துண்டு மாத்திரமே உள்ளு" என்றார் இக்கா.

கடைசித் துண்டு என்று கேட்ட பிறகு எனக்குப் பொறுமை ஏது? "சட்டைக்கு ஆகுமா?" என்று கேட்டேன்.

இக்கா துணியைப் பார்த்தார். சங்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதுக்கும் ஆகும்" என்றார்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். தையல்கடையிலாவது சுதாரித்திருக்க வேண்டும். "ஊசி ஒடிஞ்சுபோச்சே சேச்சி, இது எந்தத் துணி?" என்று தையல்காரர் கேட்டார். "ஃபாரின்" என்றேன். "அப்ப சரி" என்று வேறு ஊசியை எடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

பெரிய காலர் வைத்துச் சட்டை வந்தது. அந்தச் சட்டைக்கு ஆணியே தேவையில்லை, தானாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு சங்கர் வெளியே வந்தபோது, என் வீட்டுக்காரர் கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகப் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"சங்கரு... நடந்தா சத்தம் கேக்குதேப்பா?"

"அதுதாங்க ஸ்டைல்" என்று நான் வாயை அடைத்தேன். பங்குனி வெயில். கொச்சிப் புழுக்கம். எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் பிள்ளை நனைந்துபோய்விட்டான்.

ஆறுமுகம் அண்ணாச்சி வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப் போனார். அடக்கமான வீடு. ஹாலில் மூன்று ஜன்னல். மூன்றாவதில் ஒரு பழைய வேட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மற்ற இரண்டிலும் கர்ட்டன்.

அரக்குச் சிவப்பு. உள்ளங்கை அகலத்துக்குத் தங்க இலைகள்.

சங்கர் எங்கே உட்கார்ந்தான் என்கிறீர்கள்? அவ்வளவு நாற்காலி கிடக்க, சரியாக அந்த இரண்டு ஜன்னலுக்கும் நடுவில்! ஜன்னல், சங்கர், ஜன்னல். தள்ளி உட்கார் என்று கண்ணைக் காட்டினேன். அவனோ வந்ததிலிருந்து தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி பார்த்துவிட்டார். அவர் மனைவியும் பார்த்துவிட்டார். எந்த வீட்டிலும் வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்து ஊர் மரியாதையைக் காப்பாற்றினார்.

"கர்ட்டன்... ஃபாரினா அண்ணாச்சி?"

நான் கிள்ளியது அவருக்கு உறைப்பதற்குள் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா. என் தம்பி சிங்கப்பூர்ல இருந்து அனுப்பினது." பதிலுக்கு அவரும் கேட்டாக வேண்டுமே? ஜன்னல் பக்கம் பார்க்காமலே கேட்டார். "தம்பி போட்டிருக்கறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"துபாய்" என்றேன்.

சிங்கப்பூரும் துபாயும் ஒரே இலையோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இவர்கள் சட்டைத்துணியை ஜன்னலில் மாட்டியிருக்கிறார்களா, நாங்கள் ஜன்னல்துணியைச் சட்டையாக மாட்டியிருக்கிறோமா? யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். போச்சு... ஒரு வருட வெள்ளிக்கிழமையையும் என் ஒரு சட்டை முழுங்கப்போகிறது!

அப்போதுதான் மாலதி சாயா எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஜன்னலைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அடுத்த ஜன்னலைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். சங்கருக்குக் கிளாஸை நீட்டும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"கேசட் எல்லாம் நல்லாக் கேக்குதா?"

ஆமா என்று சொல்லுடா! நான் உள்ளுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். சங்கர் என்னைப் பார்த்தான். 'ஆமா சொல்லு' என்று தலையை ஆட்டினேன். கேட்டால் டேப் ரிக்கார்டரும் ஃபாரின் என்று சொல்லிக்கொள்ளலாம்!

"தெரியாதுங்க" என்றான் அவன். "எங்க வீட்டில டேப் ரிக்கார்டர் இல்லை."

"பின்னே எதுக்குப் பதிவு பண்ணினீங்க?"

சங்கர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க 'வெள்ளிக்கிழமை'ன்னு சொல்லுவீங்க இல்லே... அதுக்குத்தான்."

ஆரம்பித்தவன் நிறுத்தவும் இல்லை. அவன் செக்‌ஷன் குழாய் ஒன்று உடைந்தது போல மளமளவென்று கொட்டிவிட்டான். "இந்தச் சட்டையும் துபாய் இல்லைங்க. அபு இக்கா கடையில எடுத்தது. அக்கா எனக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க. ரொம்பப் புழுங்குதுங்க."

முதலில் சிரித்தது மாலதியின் அம்மாதான். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மாலதி அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா... இனி நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சியின் முகம் கர்ட்டன் நிறத்துக்கு வந்துவிட்டது. சட்டென்று எழுந்து என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"அப்போ அந்தக் கடைசித் துண்டை எடுத்தது நீங்கதானா! மூணாவது ஜன்னலுக்குத் துணி பத்தலைன்னு திங்கக்கிழமை ஓடினேன். 'ஒரு சேச்சி சட்டைக்குன்னு எடுத்துப் போயி'ன்னார் இக்கா. கர்ட்டன் துணியில எந்தப் பைத்தியக்காரன் சட்டை போடுவான்னு இங்கதான் உக்காந்து நாங்க..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும்தான். சிரிப்பா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அண்ணாச்சி தன்னுடைய வெள்ளைக் கதர்ச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "முதல்ல அதைக் கழட்டுங்க தம்பி, பாக்கற எனக்கே வேர்க்குது" என்றார். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தான் சங்கர். தொளதொளவென்று, காலர் நைந்து, அசல் பழைய மாடல். அந்தப் பெண் அப்போதுதான் அவனை நிமிர்ந்து, நன்றாகப் பார்த்தாள்.

ஆனாலும் அண்ணாச்சி பிடி கொடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்றுதான் சொல்லி அனுப்பினார். போன இரண்டு இடத்திலும் முதலில் இதே வார்த்தைதான். அன்றைக்கு இரவு முழுக்க நான் தூங்கவில்லை. நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? சொந்தப் பணத்தில் பக்கத்துச் சந்தில் வாங்கியதைச் சொல்ல என்ன வெட்கம்? எங்கேயோ கடல் தாண்டி யாரோ நமக்காக அனுப்பியதாக இருந்தால்தான் நமக்கு மதிப்பா? தம்பிக்கு ஸ்டைல் தேடி அலைந்தேனே தவிர, அவனிடம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்கர் வேலையிலிருந்து வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"படகுல பார்த்தியா?"

"பார்த்தேன். 'பதில் எப்பக் கிடைக்கும்'னு கேட்டேன்."

"கேட்டியா! என்ன சொன்னா?"

"'வெள்ளிக்கிழமை'ன்னாங்க" என்றான். அப்போதுதான் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சியே வெற்றிலை பாக்கோடு வந்தார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கேட்க வேண்டுமா, சும்மா இருக்க முடியாமல் நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போய் நின்றேன். மூன்றாவது ஜன்னலில் வேட்டி இல்லை. சங்கர் விட்டுவிட்டு வந்த சட்டையைப் பிரித்து, சம்பந்தியம்மா கர்ட்டனாகத் தைத்துவிட்டார். பாக்கெட்டைப் பிரித்தால் துணி கிழியும் என்று அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருந்தார். அந்தப் பாக்கெட்டைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதை மாறாமல் கேட்டார் — "ஃபாரினா?"

"இல்லை" என்றார் ஆறுமுகம் அண்ணாச்சி. "மாப்பிள்ளை வீட்டுது."