சலூன் கதிரையில் புல்டோசரும் விலாங்கும்

முடிவெட்டும் தொழிலில் ஒரே விதிதான்: நாங்கள் எதற்கும் தலையாட்டலாம், கதிரையில் இருப்பவர் மட்டும் ஆட்டக்கூடாது. வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பிழைக்கிற என் சக பாவப்பட்டவர்களே, அமெரிக்கன் ஃபுட்போல் தெரிந்த இரண்டு பேர் உங்கள் கடைக்கு வந்தால் அந்த விதியும் போயிற்று என்று வையுங்கள்.

வெட்டு

லண்டனில் ரெய்னர்ஸ் லேனில் என் சலூன். பஸ் ஓட்டும் ரவியண்ணை டொரொன்டோவில் இருக்கும் தமையனிடமிருந்து இந்த வியாதியைப் பிடித்துக்கொண்டவர். ஞாயிறு பின்னேரங்களில் கடை டிவியில் அந்த ஆட்டத்தைப் போடச் சொல்லுவார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலைபோல் நிற்கிற ஆட்களுக்குள்ளால் ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பேர். அதில் எக்காலத்துக்கும் பெரியவன் யார் என்பதுதான் வழக்கு. ரவியண்ணையின் ஆள் இடித்துக்கொண்டு போகிற பழைய காலத்து வீரன். நான் அவனுக்கு வைத்த பேர் புல்டோசர். அவர் மனைவியின் தம்பி குகனின் ஆள் பிடிகொடுக்காமல் வழுக்கிப் போகிறவன், அவன் விலாங்கு.

ஒருநாள் குகனின் காதோரம் மெஷின் பிடித்திருந்தேன். டிவியில் யாரோ நெளிந்து ஓட, குகனும் கதிரையிலேயே நெளிந்தான். காதுக்கு மேலே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. நான் பதறிப்போனேன். அவன் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

“அதை விடுங்கோ அண்ணை, அவன் சட்டெண்டு திரும்பி வெட்டின வெட்டைப் பாத்தனீங்களே?”

ஷாம்பூ போத்தல்

வாயால் பேசித் தீரவில்லை என்று பிறகு செய்தே காட்டினார்கள். குகன் கழுத்தில் கட்டிய துணியோடு, ஷாம்பூ போத்தலை இடுக்கிக்கொண்டு வாசலில் இருந்து ஓடிவந்தான். ரவியண்ணை தோளைக் கொடுத்து மறித்தார். போத்தல் வெடித்து நிலமெல்லாம் நுரை. காத்திருந்த தஞ்சாவூர்க்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

“பாதி வெட்டின தலையோட ஓடுறாரே, இது ரூல்ல இருக்கா?”

கலியாணத்துக்கு முதல்

விளையாட்டு ஒருநாள் வினையாயிற்று. “உங்கடை ஆள் இந்தக் காலத்தில எண்டால் பெஞ்சிலதான் இருப்பான், அத்தான்” என்றான் குகன். ரவியண்ணை எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ரவியண்ணையின் மகளுக்குக் கலியாணம் நெருங்கியது. அவர் மனைவி வசந்தியக்கா கண் கலங்கக் கடைக்கு வந்தார். “தாய்மாமன் இல்லாமல் கலியாணமோ? இவர் கூப்பிடமாட்டாராம், அவன் வரமாட்டானாம். உங்கடை டிவியால வந்தது, நீங்களே தீர்த்துவையுங்கோ.”

ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னேன். பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஆளுக்குப் பாதித் தலை வெட்டிவிட்டு, மெஷின் சூடாகிவிட்டது என்று கீழே வைத்தேன். அந்தக் கோலத்தில் தெருவுக்கு இறங்க ஏலாது. ஆனாலும் ஒருவர் கூரையைப் பார்த்தார், மற்றவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கெண்டால், பந்தை எறியிறவன்தான் பெரியாள் மாதிரித் தெரியுது. ஓடுறதில என்ன கிடக்கு?” என்றேன்.

இரண்டு பாதித் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. ரவியண்ணை குகனின் கதிரையைத் தட்டினார்.

“மச்சான், இந்த மனுசனுக்கு நீயே விளங்கப்படுத்து!”

கலியாணத்தில் தாய்மாமன் முன்னுக்கு நின்றான், அத்தான் அவன் தோளில் கை போட்டபடி நின்றார், எனக்கு மட்டும் இருவரும் மாறி மாறி எடுக்கிற பாடம் இன்னும் முடியவில்லை.