பெத்தம்மாள் உபயமும் கணேஸ்வரனின் டர்போவும்

மலாக்காவை அடுத்த மெர்லிமாவில் பாதி வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் கணேஸ்வரனின் கைவேலைதான். தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்கே ஸ்டெயின்லெஸ் கேட் மேல் ஆசை பிறந்தபோது, அந்த வெல்டிங்கையும் கற்றுக்கொண்டு அதிலும் பெயர் எடுத்தான். ஒட்டு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படிப்பட்ட மனிதனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அது கார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு கிழட்டு நிஸ்ஸான் நின்றது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் கார்களை ஹாஃப்-கட் என்பார்கள். அப்படி ஒன்றிலிருந்து கழற்றிய, எஞ்சினுக்கு வேகம் ஏற்றும் டர்போவை வாங்கி, இந்த நிஸ்ஸானில் மாட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லிச் சொல்லியே வருஷம் ஒன்று போய்விட்டது. கிளேபாங் கடற்கரையில் கூடும் கார்ப் பைத்தியங்கள், டர்போ இன்னும் முளைக்கவில்லையா என்று கேலி செய்வார்கள். இவனும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

தொல்லை கொடுத்தது புகைக்குழாய். டர்போவின் வாயிலிருந்து வண்டியின் அடிப்பக்கம் போகும் குழாயைக் கையால்தான் செய்தாக வேண்டும். இடமோ கை நுழையாத இடுக்கு. குழாய் நெருக்கி வளைய வேண்டும், வளைவில் மடிப்பும் விழக்கூடாது. மடிப்பு விழுந்தால் புகை முட்டிக்கொண்டு நிற்கும், டர்போ சோம்பிவிடும். எக்ஸாஸ்ட் கடையில் மிஷினில் வளைத்துக் கொடுத்ததெல்லாம் மடிந்துபோனது. சாதா இரும்பைத் துண்டு துண்டாக அறுத்து இவனே ஒட்டியது சூட்டில் விரிசல் விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் வேலை வந்து சேர்ந்தது. எஸ்டேட் ஓரத்து மாரியம்மன் கோயில் மேட்டில் இருக்கிறது, படிகள் செங்குத்து. ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியே முழங்கால் தேய்ந்துபோன பெத்தம்மாள், தன்னைப் போன்றவர்கள் பிடித்து ஏறட்டும் என்று இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி போட்டுத்தர முன்வந்தார். வேலையை விட்டபோது கையில் வந்ததில் தனக்கென்று ஒரு நல்ல கட்டில்கூட வாங்கிக்கொள்ளாத மனுஷி. பேர் எழுதப் போகிறார்களாம், நல்ல சாமானாகப் போடு என்று கணேஸ்வரனிடம் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கைப்பிடி முனைகள் வளைந்து தரைக்கு இறங்குவதற்காக, ஆலையில் வளைத்த குழாய்த் துண்டுகள், பெண்டு என்பார்கள், நாலு மலாக்கா டவுனிலிருந்து வந்தன. உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் ஒரு சுருக்கம் கிடையாது. கணேஸ்வரன் ஒன்றை எடுத்து டர்போ வாயில் வைத்துப் பார்த்தான். சும்மா பார்ப்போம் என்றுதான் வைத்தான். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

அதே மாதிரி இன்னொரு செட் கடையில் கேட்டால், அடுத்த சரக்கு வந்தால்தான் என்றார்கள். திருவிழா நெருங்கிவிட்டது. அதனாலென்ன, இப்போதைக்கு நாலையும் காருக்கு எடுத்துக்கொண்டு, படியில் இரும்புப் பெண்டை ஒட்டி சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவோம், திருவிழா முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். சரக்கும் வந்தது, திருவிழாவும் முடிந்தது. கைப்பிடி பளபளவென்றுதான் நின்றது. யார் போய் மெனக்கெடுவது?

கார் ஓடியது. அப்படி ஓடியது. கிளேபாங்கில் கேலி பேசியவர்களே குனிந்து அடியில் பார்த்துவிட்டு, இந்த மாதிரிப் பெண்டு எங்கே கிடைத்தது என்று விசாரித்தார்கள். சிங்கப்பூர் என்றான், கூசாமல்.

மழைக்காலம் வந்தது. பெயிண்ட் உரிந்து, வெள்ளைப் படிகளில் துருநீர் வழிந்து காய்ந்தது. 'உபயம்: பெத்தம்மாள்' என்ற தகட்டுக்குக் கீழேயே ஒரு கறை. கணேஸ்வரன் வேலையில் குறை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் எடுத்து வைத்திருந்த நல்ல பெயரே அந்தக் கிழவிக்கு எமனாக வந்தது. மட்டமாகப் போடச் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டினார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், கோயில் தலைவர் ரங்கசாமி நாலு பேர் காதில் விழும்படி, சிலருக்குப் பேர் மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் போதும் என்றார். பெத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கணேஸ்வரன் கையில் பொங்கலோடு அங்கேதான் நின்றான். நின்று, அந்தப் பொங்கலைத் தின்றும் முடித்தான்.

மறுநாள் காலையில் பெத்தம்மாள் பட்டறைக்கு வந்தார். கால் வலி தாளாமல் நிஸ்ஸானின் பானெட் மேல் கையூன்றி நின்றார்.

"அந்தப் பேர எடுத்துரு தம்பி. நான் குடுத்தது பத்தலபோல. நீயும் வாய் தொறந்து கேக்காம சமாளிச்சிட்டே. உன்மேல தப்பு இல்லலா."

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். அவன் சொல்லவில்லை. சரி அத்தை என்றான், கிரைண்டரை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டை வெட்டியும் எடுத்தான். திருடியதைவிட அதுதான் கேவலம். தகட்டைக் கையில் வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்தபோது, அவனுக்குத் தன் முகத்தையே பிய்த்து எறியலாம் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூஜை நேரத்தில் எஸ்டேட் முழுக்க ஓர் இரைச்சல். புகைக்குழாயை வெட்டி எடுத்த நிஸ்ஸான் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து மேட்டடியில் நின்றது. கணேஸ்வரன் இறங்கி, நாலு பெண்டுகளைக் கொண்டுவந்து ரங்கசாமி முன்னால் வைத்தான். பளபளப்பெல்லாம் போய், சூட்டில் நீலமும் ஊதாவுமாக மாறியிருந்தன.

"அத்த வாங்கிக் குடுத்தது இதான். நான் எடுத்து என் கார்ல போட்டுக்கிட்டேன். படியில இருக்கறது இரும்பு."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ரங்கசாமி பெத்தம்மாளைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாளே இரும்பை வெட்டி எறிந்துவிட்டு அந்தப் பெண்டுகளை உரிய இடத்தில் ஒட்டினான். எவ்வளவோ தேய்த்தான், நீலம் முழுசாகப் போகவில்லை. படியைக் கழுவி முடித்து, பெத்தம்மாள் வீட்டுக்குப் போய், தகட்டைக் கொடுத்தால் மறுபடி வைத்துவிடுகிறேன் என்றான்.

"வேணாம் கணேசு. அதப் பாத்தா சனங்களுக்குப் பேசுனது ஞாபகம் வரும். எனக்கும் வரும்."

குரலில் கோபம் இல்லை. காப்பிகூடப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வந்தபோது கணேஸ்வரன் படியடியில் ஒதுங்கி நின்றான். பெத்தம்மாள் கைப்பிடியின் கீழ்முனைக்குக் கையைக் கொண்டுபோனார். நீலம் கண்ணில் பட்டதும் கை நின்றது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் இரண்டு படிகளையும் முழங்காலில் கையை ஊன்றியே ஏறினார். வளைவு முடிந்து நேர்க்குழாய் வந்த பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தார்.