ஹாரன் அடித்த வேன்காரர்

கரீபியன் கப்பல் பயணத்தில் ஒரு தீவைச் சுற்றிக் காட்டினார் அந்த வேன்காரர். தொப்பிமேல் கூலிங் கிளாஸ், வாயெல்லாம் சிரிப்பு. "முட்டி வலிக்கும், நீ கப்பல்லயே இரும்மா" என்று மகன் சொன்ன கோபத்தில், அவனோடு பேசாமல் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மலையும் கடலும் எனக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தன! வேன்காரர் வீட்டுக்கு வீடு ஹாரன் அடித்தார். உள்ளிருந்து கைகள் ஆடின.

"எதுக்குடா அடிக்கிறாரு? கேளேன்" என்றேன், கோபத்தை மறந்து.

மகன் கேட்டுச் சொன்னான்: "அடிக்காம போனா, கோவமா இருக்கார்னு நெனச்சுப்பாங்களாம்மா."

அமெரிக்காவில் மகன் வீடு இருக்கும் ரவுண்ட் ராக் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மகன் ஆபீசுக்குக் கிளம்பினான். கார் தெருவில் இறங்கியதும் ஒரு ஹாரன். எதிர்வீட்டு அமெரிக்கர் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன்.

அந்த வேன்காரரின் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே!