மேத்துறை

என் அண்ணன் பஸ் கண்டக்டர். ஆற்றின் அக்கரையில் இருந்த மேட்டுக்கும் எங்கள் துறைக்கும் பாலம் வழியே ஓடிய ஒரே பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "மேடு துறை! மேடு துறை!" என்று கத்திக் கத்தி, தொண்டையோடு சொல்லும் தேய்ந்தது. "மேத்துறே!" என்றால்தான் சனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

முதலில் அது பஸ்ஸின் பேர்தான். அந்த பஸ்ஸிலேயே கண்டு, பழகி, கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு அப்புறம் அதே பேர் ஒட்டிக்கொண்டது. அண்ணனும் மேட்டுப் பெண்ணைத்தான் கட்டினான், சன்னல் சீட்டுக்காக அவனோடு சண்டை போட்டவளை. "மேத்துறையால்ல பேரன் பொறக்கப் போறான்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அது வசவு. பேரன் பிறந்ததும் அவளே, "என் மேத்துறை ராசா" என்று கொஞ்சினாள். பிறகு கடைப் பலகைகளிலும் அந்தப் பேர் ஏறியது. அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "யாருன்னு கேட்டா, மேத்துறேன்னு நிமிந்து சொல்லுடா" என்று சொல்லித்தான் மகனை வளர்த்தான்.

இப்போது மேட்டாருக்கும் துறையாருக்கும் வெட்டுக்குத்து. பாலத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு. "மேடா, துறையா?" என்று கேட்கிறார்கள். மத்தளத்துக்காவது இடிபட இரண்டு பக்கம் உண்டு, எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கமே இல்லை. தக்காளி ஏற்ற லாரியோடு மேட்டுக்குப் போன அண்ணன் மகன் திரும்பவில்லை.

அண்ணி அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். "மேடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. என் பேச்சுதானே அவன் வாயில இருக்கு! நீங்க சொல்லிக்குடுத்த அந்த எழவுச் சொல்லைச் சொல்லித் தொலைச்சிருப்பான்!"



"நல்லதா பேசுங்க அண்ணி. அவன் உங்களை மாதிரி கெட்டிக்காரன், ஏதாவது சொல்லித் தப்பிச்சிருப்பான்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மூன்று பேரும் பாலத்துக்குப் போனோம். தடுப்பில் நின்றவன், "பெரியவரே, அந்தப் பக்கம் போனா பொணமாத்தான் வருவீங்க" என்றான்.

"போகல தம்பி. கூப்பிட்டுப் பாக்குறேன்."

கம்பியைப் பிடித்து, படிக்கட்டில் நிற்பவனைப் போல ஒருக்களித்து நின்றுகொண்டு அண்ணன் கத்தினான்: "மேத்துறே!"

எதிர்ப்பக்கத் தடுப்பில் மாட்டிக்கொண்டு மூட்டை முடிச்சோடு சுருண்டு கிடந்த கூட்டம் எழுந்தது. "மேத்துறே!" என்று ஒரு கிழவர் குரல் கொடுத்தார். பிறகு ஒரு பெண். பிறகு பல குரல்கள். அண்ணி ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டாள். பிள்ளையின் குரல் அதில் இல்லை.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள். அண்ணன் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது.

அண்ணி அவனை ஒதுக்கிவிட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். அந்த எழவுச் சொல்லையே அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.