திதி இல்லாதவர்

நான் நேரில் கண்டவற்றையும் அவளே என்னிடம் சொன்னவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். தொண்ணூறுகளில் மொன்றியலில் வாழ்ந்த தமிழர்கள் அவளைப் பற்றிப் பல கதைகளைக் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றையேனும் என்னால் உறுதிசெய்ய இயலவில்லை.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் என் வீட்டுக்கு மேல்தளத்தில் அவள் குடியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் போரால் நின்றுபோன ஆங்கில இலக்கியப் படிப்பை இங்கே மாலை வகுப்பில் தொடர்ந்தாள். சென்னையில் அதே இலக்கியம் படித்தவள் நான் என்பதால், சனிக்கிழமைகளில் புத்தகத்தோடு இறங்கி வருவாள். ஊரில் ஒரு சோதனைச்சாவடியில் அவளுடைய கணவரைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அதன்பின் செய்தி இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் பாடமாக வந்தவர் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஒருவர். இரகசியமாக மணம்புரிந்ததால் வேலையை இழந்தவர், சிறையும் கண்டவர். பின்னாளில் மதகுரு ஆனார். காதலியிடம் பேசிய அதே குரலில் கடவுளிடம் பேசினார். வலிய வந்து தன்னை ஆட்கொள்ளும்படி வற்புறுத்தினார்.

"எங்கட ஆக்கள் கடவுளிட்டக் கெஞ்சுவினம் அக்கா. இவர் சண்டைக்கெல்லோ போறார்!" என்று சிரித்தாள்.

பிள்ளைப்பேற்றை அடுத்து இறந்த மனைவியை நினைத்து அவர் எழுதிய கவிதை வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. மனைவி விண்ணுலகு சென்றதால் தன் மனமும் அதையே நாடுகிறது என்கிறார் கவிஞர்.

"இவருக்குத் திதி இருக்கு. மனுசி போன நாள் தெரியும். அதுக்குப் பேந்து கடவுளிட்டப் போகலாம். நான் எப்பிடிப் போறது?"

"கவிதையை அப்படிக் கணக்குப் பாக்காதே."

"கணக்குப் பாக்கேல்லை அக்கா. பொறாமைப்படுறன்."

நகரின் மேற்குப் புறமான பியர்பொன்ட்ஸில் இருந்த அவளுடைய தமையனார், அவள் காத்திருந்தது போதும் என்று முடிவுசெய்திருந்தார். இறந்த நாள் தெரியாதவருக்கு அமாவாசையில் கிரியை செய்யலாம் என்று குருக்கள் சொல்லிவிட்டார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள்.

தமையனார் வீட்டு வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் பழைய விரிப்பு. அதன்மேல் தர்ப்பை, எள், தண்ணீர். புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைத் தமையனார் முன்பே கழற்றிவைத்திருந்தார்.

"அவரின்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ பிள்ளை," என்றார் குருக்கள்.

"அருச்சனைக்கெண்டாச் சொல்லுறன் ஐயா. உயிரோட இருக்கிறவருக்கு."

"உனக்கென்ன விசரே? எத்தினை வருசம் இப்பிடி இருக்கப்போறாய்?" என்று தமையனார் கத்தினார்.

"தெரியேல்லை அண்ணை."

குருக்கள் எள்ளை ஒதுக்கிவைத்தார். தமையனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை.

அந்தப் பாடத்தின் தேர்வை அவள் எழுதவில்லை. கோடையில் வீட்டைக் காலிசெய்துகொண்டு ரொறன்ரோ சென்றாள். அவளுடைய கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. இறந்திருந்தால் எந்த நாளில் இறந்தார் என்பதும் தெரியாது. அவள் இன்னும் காத்திருக்கிறாளா என்பதும் தெரியாது.